ஆறு பேர் குழு, ஒரே ஆள் வேலை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. கோவையில் இருக்கிறேன். நாய்ஸ் (இரைச்சலையே இசையாக வாசிப்பது), எக்ஸ்பெரிமென்டல் (சோதனை முயற்சி) இசை வாசிப்பவர்களுக்கு ஊரில் மேடையே இல்லையே என்று, 2 வருஷத்துக்கு முன் நண்பர்கள் 6 பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். பழைய நூல் மில் குடோன் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்து மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம். குடோனுக்கு 3,000, மைக் செட்டுக்கு 4,500, டீ, ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் ஆகிறது. சுமார் 25 பேர் வருவார்கள், ஆளுக்கு 150 ரூபாய் டிக்கெட். மீதியை நான்தான் போடுகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். குழுவில் ஒருவர் ஒவ்வொரு தடவையும் 50 நிமிஷம் வாசிக்கிறார். கேட்டால், "இந்த இசையில் ஆளைத் தேர்ந்தெடுப்பதே தப்பு" என்கிறார். மற்றவர்கள் நிகழ்ச்சி அன்றைக்கு மட்டும் தலைகாட்டுகிறார்கள். சங்கமாகப் பதிவு செய்தால் எல்லாம் சரியாகுமா, இல்லை நிறுத்திவிடட்டுமா? அப்பா வேறு, "இதுக்குப் பேரு பாட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "ஆரம்பித்தோம்", "நடத்துகிறோம்" என்று போய்க்கொண்டிருந்தது, காசுப் பேச்சு வந்ததும் "நான்தான்" ஆகிவிட்டது. உங்கள் சிக்கல் முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். செலவு 8,700, வரவு 3,750. மாதம் 4,950 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகிறது. 2 வருஷத்தில் 1,18,800. ஒரு புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். இதைக் குழுவில் மற்ற 5 பேரிடம் என்றைக்காவது சொன்னீர்களா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் கடிதத்தில் அந்தச் சண்டையும் வந்திருக்கும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மைக் செட்காரர் மகன். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டி வளர்ந்தவன், பிறகு அரங்குகளில் ஒலிப் பொறியாளராக வேலை பார்த்து, சின்னச் சின்னக் குழுக்கள் நிகழ்ச்சி நடத்தக் கூடமாட நின்றவன். அதனால் கலை பற்றிய பதிலைவிடக் குடோன் பற்றிய பதில்தான் இதில் அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 924, கில்மன் தெரு என்று ஒரு இடம். 1986 டிசம்பர் 31 அன்று திறந்தார்கள். பங்க் என்ற முரட்டு ராக் இசைக்கான இடம், உங்கள் வகை இல்லை. இருந்தாலும் தொண்டர்களே நடத்தும் இசைக்கூடம் என்று பேச்சு வந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. குடி கூடாது, அடிதடி கூடாது, இனவெறி கூடாது என்று விதிகளை எழுதிப் போட்டுவிட்டு, 2 டாலர் உறுப்பினர் அட்டையில் ஆள் சேர்த்தார்கள். ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவரான டிம் யோஹன்னன், 1988-இல் "போதும்" என்று அதை மூடினார். சில வாரத்தில் வேறு சிலர் கூடித் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்த இடம் ஓடியது. மூடியவர் போன பிறகும் கதவைத் திறக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். உங்கள் குடோனில் நீங்கள் ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால் கதவைத் திறக்க யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு குழு, ஊரும் பேரும் வேண்டாம், 9 பேர் இருந்தார்கள். ஓடியாடியது ஒருவர். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போகும்போது யாரையும் அவர் ஏமாற்றவில்லை, கோபித்துக்கொண்டும் போகவில்லை. ஆனால் குழுவின் மின்னஞ்சல் கடவுச்சொல் அவர் தலையில், அரங்க மேலாளர் நம்பர் அவர் போனில், கேபிள் பெட்டி அவர் வீட்டுப் பரணில். மிச்சம் 8 பேரும் நல்லவர்கள்தான், இசை மேல் பிரியம் உள்ளவர்கள்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு நாள் குறிக்கவே இல்லை. கேபிள் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கும்.

ஆகவே இந்த வாரம் ஒரு ஏ4 தாளை எடுத்து உட்காருங்கள். குடோன் சாவி யாரிடம், எத்தனை மணிக்கு மேல் போன் செய்தால் எடுக்க மாட்டார், எந்தப் பிளக்கில் கரண்ட் வராது, டிரிப் ஆனால் மெயின் போர்டு எங்கே, மைக் செட்காரர் நம்பர், அட்வான்ஸ் எவ்வளவு, டீக்கடையில் பிளாஸ்க் எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம், அதனால் எழுதும்போது அற்பமாகத் தெரியும். மற்றவர்கள் வேலைக்கு வராததற்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம் என்றால், மீதிப் பாதி, என்ன வேலை இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாதது. "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்பவரிடம் "பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்?

அப்புறம், மாதம் ஒன்று என்பதை விடுங்கள். வருஷத்துக்கு 4 போதும். கோவை அளவு ஊரில் இந்த இசைக்கு வரும் 25 பேரும் மாதாமாதம் வருவது உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் என்று சொன்னால் கோபப்படுவீர்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை என்றால் அதே ஆட்கள் ஆவலாக வருவார்கள், கூட 2 பேரைக் கூட்டியும் வருவார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 2 பேர் பொறுப்பு. முழுப் பொறுப்பு. யாரைக் கூப்பிடுவது, டிக்கெட் எவ்வளவு, டீயா மோரா என்பது வரை அவர்கள் சொன்னதுதான். அடுத்ததற்கு வேறு 2 பேர். 6 பேருக்கு 3 ஜோடி, சுற்று சரியாக வரும். இதில் உங்களுக்குக் கஷ்டமான பகுதி ஒன்று இருக்கிறது: உங்கள் முறை இல்லாத நிகழ்ச்சியில் போஸ்டரில் எழுத்துப்பிழை இருந்தாலும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

பணத்துக்கு இரண்டே விதி. வரவு செலவை ஒரு தாளில் எழுதி, அடுத்த நிகழ்ச்சியன்று வாசலில் ஒட்டுங்கள். துண்டு விழுந்தால் அன்றைய பொறுப்பாளர்கள் உட்பட 6 பேரும் சமமாகப் பிரித்துப் போட வேண்டும். 4,950-ஐ 6-ஆல் வகுத்தால் ஆளுக்கு 825. இது தெரிந்த அடுத்த நிமிஷமே யாராவது ஒருவர், "மைக் செட் இவ்வளவு பெரிசா எதுக்கு?" என்று கேட்பார். கேட்கட்டும், நல்ல கேள்விதான். 25 பேர் உட்காரும் குடோனுக்கு 4,500 ரூபாய் மைக் செட் தேவையே இல்லை. ஒரு ஜோடி டாப் பாக்ஸ் (மேல்சுருதி ஸ்பீக்கர்), ஒரு பேஸ் (கீழ்சுருதி ஸ்பீக்கர்), எல்லா ஒலியையும் கலந்து அனுப்பும் 8 சேனல் மிக்ஸர் போதும். இன்னொன்று, டிக்கெட் பணம் உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு வரவே கூடாது. அதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு வைத்து, பாஸ்புக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மைக் செட்காரர் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அவர்தான் முக்கியம். என் அப்பா ஆயுசு பூராவும் செய்த வேலை, மைக் ஊளையிடாமல் பார்த்துக்கொள்வது. மாப்பிள்ளை மைக்கைக் கையில் வாங்கினாலே அப்பாவின் விரல் தானாக வால்யூம் திருகுக்குப் போகும். நீங்கள் அதே மைக் செட்டை வாடகைக்கு எடுத்து, ஊளையிட வைப்பதற்காகவே வாசிக்கிறீர்கள். டோக்கியோவில் தோஷிமாரு நகமுரா என்பவர் மிக்ஸரின் அவுட்புட்டை அதே மிக்ஸரின் இன்புட்டில் செருகிவிட்டு, வெளியிலிருந்து எந்த ஒலியும் கொடுக்காமல் கச்சேரி செய்கிறார் என்று அப்பாவிடம் சொன்னபோது, "வயரை மாத்திச் சொருகிட்டான்னு சொல்லு" என்றார்.

ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அண்ணா, வீல்னு சத்தம் வரும், அது கோளாறு இல்ல, நீங்க குறைக்க வேணாம், ஆனா உங்க பாக்ஸ் போயிடுமோன்னு தோணுச்சுன்னா கைய தூக்குங்க, நாங்க நிறுத்திடறோம்." இந்த இரண்டாவது பாதி முக்கியம். பாட்டில் சத்தம் ஏறும், இறங்கும். நடுவில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் ஆறிக்கொள்ளும். ஒரே கீச் ஒலி நிற்காமல் போனால் ஆற நேரமே கிடைக்காது, டாப் பாக்ஸில் அதிர்ந்து ஒலி எழுப்பும் டயாஃப்ரம் கருகிவிடும். சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போடச் சொல்லுங்கள், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சுருதியை வெட்டச் சொல்லுங்கள். டயாஃப்ரம் போனால் பாதி விலை எங்களுடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு தடவை போய், நீங்கள் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டால் அந்த மனிதர் ஆயுசுக்கும் உங்கள் ஆள்.

சரி, பக்கத்து வீட்டுக்காரர். சத்தத்துக்குச் சண்டை வருவது புதிதில்லை. இத்தாலியில் லூயிஜி ருசோலோ 1913-இல் இரைச்சலும் இசைதான் என்று அறிக்கை விட்டு, அடுத்த வருஷம் மிலானில் இரைச்சல் பெட்டிகளை மேடையேற்றியபோது அரங்கத்துக்குள்ளேயே கைகலப்பு ஆனது. ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கி, அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூட்டக் கூடாது. அதாவது மாலையில் உங்கள் சுற்றுச்சுவருக்கு அருகே 60. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் சத்தம். தகரக் கூரை போட்ட குடோனில் நாய்ஸ் வாசித்துவிட்டு இதற்குள் நிற்பது லேசில்லை. ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதியும் வேண்டும். ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து அனுமதி வாங்கி, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.

ஆனால் அந்த மனிதர் மீட்டர் வைத்து அளந்துவிட்டுப் போலீசைக் கூப்பிடவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு முன், மாலை 4 மணிக்கு சவுண்ட் செக் வைத்துக்கொண்டு நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். சமையலறையில் நில்லுங்கள். எவர்சில்வர் தட்டு அடுக்கும் ஸ்டாண்டு இருக்கும், அதைப் பாருங்கள். பேஸ் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு வரும்போது தட்டுகள் கிர்ரென்று நடுங்கும். வாசலில் காதுக்குப் பெரிதாகத் தெரியாத சத்தம் இது. கீழ்சுருதி சுவரைத் தாண்டி வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்காது. உள்ளே இருப்பவருக்கு அது இசையும் இல்லை, இரைச்சலும் இல்லை, வீடு ஆடுகிறது. அங்கிருந்தே போன் போட்டு பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள், தட்டு அடங்கும் வரை. மிக்ஸரில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதற்கு மேல் யாரும் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் பாக்ஸைத் தரையில் நேராக வைக்காமல் பழைய டயர் மேல் வையுங்கள். அதிரும் இரும்பு ஷட்டரில் மடித்த சாக்கைச் செருகுங்கள். 5 மணிக்கு ஆரம்பித்து 8 மணிக்கு முடியுங்கள். நள்ளிரவில் வாசித்தால்தான் நாய்ஸ் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. உங்கள் நம்பரை அவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், போலீசுக்கு முன் உங்களைக் கூப்பிடுவார்.

காது விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான பழைய கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல், இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னது. நாலு பேர் அடுத்தடுத்து அந்த அளவில் வாசித்தால் கேட்பவருக்கு நாலு மடங்கு. வாசலில் நுரைப் பஞ்சு இயர் ப்ளக் ஒரு டப்பா வையுங்கள், இலவசமாக. வைக்கும் விதத்தையும் ஒருவர் காட்ட வேண்டும்: விரலால் மெல்லிசாக உருட்டி, எதிர்க்கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது ஊதும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். சும்மா காது ஓரத்தில் ஒட்டவைத்துக்கொண்டால் அது காது வளையத்துக்குச் சமானம். எனக்கு இடது காதில் 20 வருஷமாக ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. அதை நாய்ஸ் என்று ரசிக்க நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை.

இந்தக் கணக்குதான் உங்கள் 50 நிமிஷ நண்பருக்கும் பதில். தேர்வு செய்வது தப்பு என்கிறாரா, நல்லது, தேர்வே வேண்டாம். நேரத்தை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள். ஆளுக்கு 15 நிமிஷம், நடுவில் 10 நிமிஷம் அமைதி. மயாமியில் பல வருஷம் நடந்த நாய்ஸ் விழாவிலும் இதே 15 நிமிஷ வழக்கம்தான். மடிக்கணினிக்கும் அங்கே தடை இருந்தது, அது உங்களுக்கு வேண்டாம். குழு உறுப்பினர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மேடையேறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி இடம் வெளியாட்களுக்கு. புது ஆள் வாசிக்காத இடத்துக்குப் புது ஆள் கேட்கவும் வருவதில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனால், போகட்டும். எல்லோரையும் வைத்துக்கொள்வேன் என்று நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

குடோனைப் பற்றி இன்னும் ஒன்று, இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். 2016 டிசம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் ஓக்லண்டில் 'கோஸ்ட் ஷிப்' என்ற கிடங்கில் மின்னணு இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். மாடியிலிருந்து இறங்கும் படி ஒன்று மரப் பலகைச் சட்டங்களை அடுக்கிச் செய்தது. தண்ணீர் தெளிப்பான் இல்லை. நடத்தியவர்களும் வந்தவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான், வேறு இடம் கிடைக்காமல் அங்கே போனவர்கள். பழைய மில் குடோனில் பஞ்சுத் தூசி இருக்கும். எனவே கிரைண்டரில் தகடு தேய்த்துப் பொறி பறக்கவிடும் கலைஞருக்கு, எவ்வளவு பெரிய ஆளானாலும், "இங்கே கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். பின்கதவு திறக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு முன் கையால் தள்ளிப் பாருங்கள். எல்லோர் கருவிக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்று மாட்டச் சொல்லுங்கள். மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு நிகழ்ச்சி இல்லை.

பதிவுக்கு வருகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குறைந்தது 7 பேர் வேண்டும். உங்களிடம் 6 பேர்தான், அதிலும் கூட்டத்துக்கு வருவது எத்தனை பேர் என்று எனக்கே தெரிகிறது. பதிவு செய்தால் வருஷா வருஷம் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் எல்லாம் உண்டு. அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். ஒரு வருஷம் மேலே சொன்ன ஜோடி முறையில் ஓட்டுங்கள். 7-ஆவது ஆள் தானாக வந்து சேர்ந்தால், சந்தா வாங்கவோ வெளியில் நிதி கேட்கவோ தோன்றினால், அதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். இந்தக் கணக்கும் விதியும் அவர் தொழில். வெளிநாட்டுக் குடிமக்களிடம் நன்கொடை வாங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். நிதி ஒரே இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் மியூசிஷியன்ஸ் கலெக்டிவ் இருக்கிறது. 1970-களின் நடுவில் தொடங்கிய குழு, 2002-இல் ரெசனன்ஸ் எஃப்எம் என்ற வானொலியையே ஆரம்பித்தது. 2008-இல் அரசுக் கலை மன்றத்தின் மானியம் நின்றபோது குழு நிற்க முடியாமல் போனது. தனி வழி கண்டுகொண்ட வானொலி தப்பித்தது.

நீங்கள் கேட்காத ஒன்று: பதிவு செய்கிறீர்களா? சங்கப் பதிவு இல்லை, ஒலிப்பதிவு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து, மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் மூக் சிந்தசைசர் வைத்த ஸ்டூடியோ ஒன்றை அமைத்துக் கொடுத்தார். இசைக்கலைஞர் கீதா சாராபாய் உட்பட நம் ஆட்கள் சிலர் அதில் வேலை செய்தார்கள். சில வருஷத்தில் ஸ்டூடியோ ஓய்ந்துவிட்டது. நாடாக்கள் மட்டும் அலமாரியில் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்து ஒருவர் தேடி எடுத்ததால்தான் அப்படி ஒன்று நடந்ததே பலருக்குத் தெரியவந்தது. ஒரு சின்ன ரெக்கார்டரைக் குடோன் நடுத்தூணில் கட்டித் தொங்கவிடுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் வாசித்தவர் பெயரும் இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் அப்பா. பாட்டா இல்லையா என்று வாதாடி அவரிடம் நீங்கள் ஜெயிக்க முடியாது, என் அப்பாவிடம் நானும் ஜெயித்ததில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிடுங்கள், ஆனால் கேட்க வாருங்கள் என்று கூப்பிடாதீர்கள். வாசலில் ஒரு நாற்காலி, டிக்கெட் கட்டு, சில்லறை டப்பா, இயர் ப்ளக் டப்பா கொடுத்து உட்கார வையுங்கள். வசூல் கணக்கை ராத்திரியே ஒரு ரூபாய் பிசகாமல் எழுதிக் கொடுத்துவிடுவார். உங்கள் 5 நண்பர்களில் யாரிடமும் அது நடக்காது.